பழைய ஷெவர்லே 350 படகு இன்ஜினுக்குக் குறைந்த செலவில் கேமும் பாகங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க ஏரிகளில் ஓடும் 18 முதல் 22 அடி வரையிலான பழைய ஃபைபர் படகுகள் பலவற்றின் இன்ஜின் மூடியைத் திறந்தால், வெளியே மெர்க்ரூசர் என்றோ வால்வோ பென்டா என்றோ எழுதியிருக்கும். உள்ளே இருப்பது ஜெனரல் மோட்டார்ஸ் வார்த்த ஷெவர்லே ஸ்மால் பிளாக் வி8. 1955இல் 265 கன அங்குலத்தில் வந்த இந்தக் குடும்பத்தில் 350, அதாவது 5.7 லிட்டர், 1967இல் சேர்ந்தது. மிச்சிகன், விஸ்கான்சின், மினசோட்டா போன்ற குளிர் மாநிலங்களில் குளிர்காலத்துக்கு முன் பிளாக்கிலிருந்து தண்ணீரை வடிக்க மறந்தால், உறையும் தண்ணீர் சுமார் 9 சதவீதம் விரிந்து பிளாக்கைப் பிளந்துவிடும். பிறகு பழைய லாரி இன்ஜின் ஒன்றைத் தேடுவார்கள். "எப்படியும் பிரிக்கிறோம், நல்ல கேம் ஒன்று போட்டால் என்ன?" என்ற கேள்வி அங்கேதான் பிறக்கிறது. கேம் என்பது வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு. கீழே உள்ள பதில்கள் பெட்ரோலில் ஓடும், கார்புரேட்டர் வைத்த, ஸ்டெர்ன் டிரைவ் (இன்ஜின் உள்ளே, டிரைவ் படகின் பின்னால் வெளியே) அல்லது இன்போர்டு (ஷாஃப்ட் படகின் அடி வழியாக) 350க்கு உரியவை.

காரில் நன்றாக ஓடும் கேமைப் படகில் போட்டால் என்ன?

காருக்கு வேகத்துக்கேற்ப மாற்றப் பல கியர் உண்டு, சமதளத்தில் உருண்டு போகும் சுகமும் உண்டு. படகுக்கு இரண்டும் கிடையாது. பாரம் ஏற்றிய லாரி மலைப்பாதையில் ஒரே கியரில் ஏறிக்கொண்டே இருப்பது போன்றது படகு இன்ஜினின் வேலை. த்ராட்டிலைக் குறைக்கும் வரை சுமை குறையாது.

எண்ணிக்கையில் பார்த்தால் இன்னும் தெளிவாகும். புரொப்பெல்லர் கேட்கும் சக்தி தோராயமாகச் சுற்று வேகத்தின் மூன்றாம் அடுக்குக்கு (கியூப்) ஏற்ப உயரும். நிமிடத்துக்கு 4600 சுற்றில் 250 குதிரைத்திறன் விழுங்கும் புரொப்பெல்லர், 3200 சுற்றில் ஏறக்குறைய 85 குதிரைத்திறனோடு திருப்தியடையும். அதே புரொப்பெல்லரை 4400இலிருந்து 4800க்குக் கொண்டுபோக ஏறக்குறைய 30 சதவீதம் கூடுதல் சக்தி வேண்டும். மெர்க்ரூசர் 5.7 இன்ஜின்கள் பலவற்றுக்கு முழு த்ராட்டிலில் 4400 முதல் 4800 வரை என்றுதான் வரம்பு சொல்லியிருப்பார்கள். 5800 சுற்றில் உச்சம் காட்டும் கேமுக்கு அந்தச் சுற்றைத் தொடவே வாய்ப்பில்லை. அதற்கு விலையாகக் கீழ்ச் சுற்றில் முறுக்குவிசையை இழக்கிறோம். படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு தண்ணீரின் மேல் ஏறத் திணறும் 2500 முதல் 3500 வரையிலான இடத்தில்தான் அந்த இழப்பு வலிக்கும். நான்கு பேர் ஏறினால் படகு எழும்பவே மாட்டேன் என்று அடம்பிடிப்பதற்குப் பெரிய கேம் ஒரு முக்கியமான காரணம்.

சரி, எந்த அளவு கேம் எடுக்கலாம்?

கேம் 0.050 அங்குலம் தூக்கிய நிலையில் அளந்த டியூரேஷனை, அதாவது வால்வு திறந்திருக்கும் காலத்தை டிகிரியில், பாருங்கள். விளம்பரத்தில் பெரிதாகப் போடும் டியூரேஷன் ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு இடத்திலிருந்து அளப்பது, ஒப்பிட உதவாது. 350க்கு இன்டேக் பக்கம் 196 முதல் 210 டிகிரி வரை, எக்ஸாஸ்ட் பக்கம் அதைவிட 6 முதல் 10 டிகிரி கூடுதலாக, லோப் செப்பரேஷன் (இன்டேக், எக்ஸாஸ்ட் மேடுகளுக்கு இடையிலான கோணம்) 112 டிகிரி அளவில் இருந்தால் நல்ல தேர்வு. ஒப்பீட்டுக்கு, 1996 முதல் லாரிகளில் வந்த எல்31 வோர்டெக் என்ற 350 வகையின் கேம் சுமார் 191/196 டிகிரிதான். அதுவே படகில் குறை சொல்ல முடியாமல் ஓடும்.

எக்ஸாஸ்ட் பக்கம் ஏன் கூடுதல் என்றால், படகின் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு குட்டையானது, உள்ளே தண்ணீர்ச் சட்டை வேறு. வெளியேறும் வாயுவுக்கு அது தாராளமான வழி அல்ல. கொஞ்சம் கூடுதல் நேரம் வால்வு திறந்திருந்தால் சுவாசிக்க உதவும்.

மெர்க்ரூசர் ஆல்ஃபா டிரைவ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த டிரைவ் சுமார் 300 குதிரைத்திறன் வரைக்கும் என்றே பொதுவாகக் கணக்கு வைக்கிறார்கள். 350 குதிரைத்திறன் இன்ஜின் கட்டிப் பின்னால் ஆல்ஃபாவை மாட்டினால், அடுத்து வாங்கப்போவது கியர்கள். 260 முதல் 290 வரை நோக்கிக் கட்டுங்கள்.

லோப் செப்பரேஷன் 108 கேமில் இன்ஜின் அதிர்ந்து ஓடும் சத்தம் அருமையாக இருக்கிறதே?

இந்த ஆசையை விட்டுவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். படகில் எக்ஸாஸ்ட் குழாயைக் குளிர்விக்க, ரைசருக்கு (புகையை நீர்மட்டத்துக்கு மேல் உயர்த்தும் குழாய்) மேலே ஏரித் தண்ணீரையே புகையோடு கலந்து வெளியேற்றுகிறார்கள். வால்வு ஓவர்லேப், அதாவது இன்டேக், எக்ஸாஸ்ட் வால்வுகள் ஒருசேரத் திறந்திருக்கும் நேரம், அதிகமாக இருந்தால், ஐடிலில் எக்ஸாஸ்ட் அலை பின்னோக்கித் திரும்பும். திரும்பும்போது அந்த ஈரத்தையும் சிலிண்டர் வரை இழுத்து வரும். ரிவர்ஷன் என்பது இதுதான். முதலில் பிளக்கில் துரு தெரியும், அப்புறம் எக்ஸாஸ்ட் வால்வு சீட்டில் குழிகள், பிறகு ரிங் ஒட்டிக்கொள்ளும். போதுமான தண்ணீர் உள்ளே போய்விட்டால் ஸ்டார்ட் செய்யும்போது கனெக்டிங் ராடு வளையும்.

கணக்கு எளிது. இன்டேக், எக்ஸாஸ்ட் விளம்பர டியூரேஷன்களைக் கூட்டி இரண்டால் வகுத்து, லோப் செப்பரேஷனின் இரு மடங்கைக் கழித்தால் ஓவர்லேப். 266/272 டிகிரி கேமில் 112 என்றால் 45 டிகிரி. அதே கேம் 108இல் 53. நான்கு டிகிரி குறைத்ததற்கு எட்டு டிகிரி ஓவர்லேப் கூடிவிட்டது. ஜெனரல் மோட்டார்ஸே சில இன்ஜின்களில் 109 வைத்திருக்கிறதே என்று கேட்பீர்கள். அங்கே 0.050இல் அளந்த டியூரேஷன் 196/206 போல மிகச் சிறியது, அதனால் ஓவர்லேப் கட்டுக்குள் இருக்கிறது. இரண்டு எண்களையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ரைசர் உயரமும் இதில் சேர்த்தி. எக்ஸாஸ்ட் எல்போ, நீர்மட்டத்துக்கு மேல் போதிய உயரத்தில் இல்லாத படகில் சாதாரண கேம் கூடத் தொல்லை தரும்.

ரோலர் கேமா, பிளாட் டாப்பெட்டா?

கேம் மேட்டின் மேல் உட்கார்ந்து வால்வைத் தள்ளும் உருளைதான் லிஃப்டர். அதன் அடியில் சக்கரம் இருந்தால் ரோலர், தட்டையாக இருந்தால் பிளாட் டாப்பெட். பிளாக்கைப் பார்த்து முடிவெடுங்கள். 1987 முதல் வந்த பல பிளாக்குகளில் லிஃப்டர் பள்ளத்தாக்கின் நடுவே ரோலர் லிஃப்டரைப் பிடிக்கும் தகட்டுக்கான மேடுகள் உண்டு. லாரி பிளாக்குகள் சிலவற்றில் மேடு இருக்கும், துளையும் மரையும் போட்டிருக்காது. இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றி நேரில் பார்க்காமல் கேம் வாங்காதீர்கள்.

துளையிட்ட பிளாக் கிடைத்தால், பழைய இன்ஜினிலிருந்து எடுத்த ரோலர் லிஃப்டர்களையே சுத்தம் செய்து பயன்படுத்தலாம், சக்கரம் தளர்ந்திருக்கக் கூடாது, அவ்வளவுதான். நீடித்த உழைப்புக்கு ரோலர்தான் என் தேர்வு. ஆனால் இரண்டு பொறிகள் இருக்கின்றன. முதலாவது, வோர்டெக் இன்ஜினின் ஒரிஜினல் கேமில் மெக்கானிக்கல் பெட்ரோல் பம்பைத் தள்ளும் எக்சென்ட்ரிக் (மையம் விலகிய வளையம்) கிடையாது. உங்கள் படகு அந்தப் பம்பை நம்பியிருந்தால் எக்சென்ட்ரிக் உள்ள கேமாகக் கேட்டு வாங்குங்கள், பிளாக்கில் பம்ப் மாட்டும் இடம் திறந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டாவது, ஸ்டீல் கேமுக்கு டிஸ்ட்ரிபியூட்டரின் சாதாரண இரும்பு கியர் பொருந்தாது, தேய்ந்து தூளாகும். கேம் தயாரித்தவர் எந்த கியர் சொல்கிறாரோ அதையே போடுங்கள்.

பழைய பிளாக் என்றால் பிளாட் டாப்பெட்தான் மலிவு. அப்போது லிஃப்டர்கள் புதியவையாகவே இருக்க வேண்டும், பழைய லிஃப்டரைப் புதுக் கேமில் ஓட்டக் கூடாது. இப்போதைய கார் ஆயில்களில் தேய்மானம் தடுக்கும் துத்தநாகச் சேர்மம் குறைத்துவிட்டார்கள். பிரேக்-இன் ஆயிலோடு தொடங்கி, பிறகு மெரைன் இன்ஜின் ஆயில் ஊற்றுங்கள்.

எந்த ஹெட் (சிலிண்டர்களை மூடி வால்வுகளைத் தாங்கும் பாகம்) நல்லது?

கொடுக்கும் காசுக்கு அதிகம் திருப்பித் தருவது 1996இல் லாரிகளுக்கு வந்த வோர்டெக் இரும்பு ஹெட். வார்ப்பு எண் 906 அல்லது 062 என்று முடியும். எரியறை 64 சிசி. அதன் இன்டேக் பாதை அதற்கு முந்தைய லாரி ஹெட்களை எங்கோ விட்டுவிட்டுப் போகும். சின்னக் கேமோடு நல்ல ஹெட், அதுதான் படகுக்கு வாகான சேர்க்கை. கேமில் கிடைக்காத சக்தி இங்கே கீழ்ச் சுற்றை இழக்காமலே கிடைக்கிறது.

வாங்கும் முன் விரிசல் சோதனை கட்டாயம். இந்த ஹெட்கள் சூடேறினால் விரிசல் விடும் பழக்கம் உள்ளவை, எக்ஸாஸ்ட் சீட்டைச் சுற்றி முதலில் பாருங்கள். ஒரிஜினல் ஸ்பிரிங், ரிடெய்னரோடு வால்வு லிஃப்ட் 0.460 அங்குலத்துக்குள் இருக்கட்டும். அதைத் தாண்டினால் ரிடெய்னர் வால்வு கைடின் மேல் இடிக்கும், மெஷின் ஷாப் செலவு சேரும். இன்டேக் மேனிஃபோல்டும் வோர்டெக்குக்கே உரிய எட்டு போல்ட் வகையாக இருக்க வேண்டும், பழைய 12 போல்ட் மேனிஃபோல்டு உட்காராது. இந்தச் செலவைப் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை.

உப்புத் தண்ணீரில், கடல் நீரை நேராக உள்ளே இழுத்துக் குளிர்விக்கும் இன்ஜினுக்கு அலுமினிய ஹெட் வேண்டாம். இரும்பிலேயே நில்லுங்கள்.

கம்ப்ரஷன் எவ்வளவு வைக்கலாம்?

சிலிண்டருக்குள் காற்று எத்தனை மடங்கு அழுத்தப்படுகிறது என்ற விகிதம், சாதாரண பெட்ரோலில் 9 முதல் 9.5 வரை. 350இன் ஒரு சிலிண்டர் கொள்ளளவு சுமார் 717 சிசி. நான்கு வால்வுப் பள்ளங்கள் கொண்ட சமதள பிஸ்டன், 0.025 அங்குலம் உள்ளே இறங்கியிருக்க, 0.041 கேஸ்கெட்டும் 64 சிசி ஹெட்டும் சேர்ந்தால் ஏறக்குறைய 9.5 வரும். அதே அடிப்பகுதியில் 76 சிசி பழைய ஹெட் வைத்தால் 8.5 அளவுக்கு இறங்கிவிடும். ஹெட்டை மாற்றியதும் கம்ப்ரஷனும் மாறும் என்பதை மறந்து, சமதள பிஸ்டனோடு வோர்டெக் வைத்து முன்னைப் போலவே இக்னிஷன் டைமிங் வைப்பவர்களின் பிஸ்டன்தான் உடைகிறது. காரில் நாக்கிங், அதாவது பெட்ரோல் தறிகெட்டு வெடிக்கும் தட்டல், வந்தால் காதில் கேட்கும். படகின் இரைச்சலில் கேட்கவே கேட்காது, நிமிடக்கணக்கில் முழு சுமையில் நடந்துகொண்டிருக்கும்.

இக்னிஷன் டைமிங்?

மெரைன் டிஸ்ட்ரிபியூட்டரில் வாக்குவம் அட்வான்ஸ் கிடையாது, வேண்டியதும் இல்லை. பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு முன்பாக, ஐடிலில் 8 முதல் 10 டிகிரி, மொத்தம் 28 முதல் 32 வரை. வோர்டெக் எரியறை வேகமாக எரிக்கும், ஆகவே 30ஐத் தாண்ட அவசரப்படாதீர்கள்.

காரின் கார்புரேட்டர், ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர் பொருந்துகிறதே, விலையும் பாதி. போடலாமா?

கூடவே கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் படிப்பவர்கள் இதைப் படித்தால் போதும்.

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. காரில் கசிந்தால் ரோட்டில் இறங்கிக் கலைந்துவிடும். படகில் இன்ஜின் அறையின் அடிப்பகுதியில், தண்ணீர் தேங்கும் அந்தத் தொட்டியில், போக வழியின்றிக் கிடக்கும். ஒரு பொறி போதும். தமிழ்நாட்டு விசைப்படகுகளில் டீசலோடு பழகியவர்களுக்கு இந்த அபாயம் புதிது. டீசல் அவ்வளவு எளிதில் ஆவியாவதில்லை. பெட்ரோல் படகு முற்றிலும் வேறு.

அதனால் மெரைன் ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர் மூன்றும் வெளியே உள்ள ஆவியை உள்ளே எழும் பொறி பற்றவைக்காதபடி கட்டப்பட்டவை. எஸ்ஏஇ ஜே1171 என்ற தரக்குறி பார்த்து வாங்குங்கள். மெரைன் கார்புரேட்டரில் காற்றுக் குழாய்கள் உள்பக்கம் வளைந்திருக்கும், மிதவை ஒட்டிக்கொண்டு பெட்ரோல் பொங்கினால் வெளியே வழியாமல் இன்ஜினுக்குள்ளேயே விழும். கார் கார்புரேட்டர் மேனிஃபோல்டின் மேல் வழியவிடும். மெக்கானிக்கல் பம்பும் அப்படித்தான். மெரைன் வகையில் டயாஃப்ரம் கிழிந்தால் கசிவு ஒரு சிறு குழாய் வழியாகக் கார்புரேட்டருக்கே திரும்பும். கார்புரேட்டர் மேல் ஏர் ஃபில்டருக்குப் பதில் ஃபிளேம் அரெஸ்டர் இருக்க வேண்டும், பின்னோக்கி வெடித்தால் தீ வெளியே வராமல் தடுப்பது அதுதான். இவையெல்லாம் அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் விதிகளோடு பிணைந்தவை. படகுகளில் ஒட்டியிருக்கும் எச்சரிக்கைப் பட்டையில் ஸ்டார்ட் செய்யும் முன் புளோயரை 4 நிமிடம் ஓட்டச் சொல்வதும் இதே காரணத்தால்தான்.

விலை அதிகம் என்பது உண்மை. இங்கே மிச்சப்படுத்தும் காசு யாருக்கும் நன்மை செய்யாது. கூட வருபவர்களில் குழந்தைகளும் இருப்பார்கள். பழைய மெரைன் ஸ்டார்ட்டரையும் டிஸ்ட்ரிபியூட்டரையும் பழுது பார்த்து வாங்குவது தாராளமாகச் செய்யலாம், அது நல்ல சிக்கனம்.

கார்புரேட்டர் எத்தனை சிஎஃப்எம் (நிமிடத்துக்கு இழுக்கும் காற்று, கன அடியில்)?

350 கன அங்குலத்தை 4800ஆல் பெருக்கி 3456ஆல் வகுத்தால் சுமார் 486. நிஜத்தில் இன்ஜின் அவ்வளவு கூட இழுக்காது. 600 சிஎஃப்எம் மெரைன் கார்புரேட்டர் தாராளம். எடெல்ப்ராக் 1409 அந்த வகை, எளிதில் ட்யூன் ஆகும். பழைய ரோச்செஸ்டர் குவாட்ராஜெட் மெரைன் கையில் இருந்தால் புதிது வாங்கவே வேண்டாம், கிட் போட்டுச் சுத்தம் செய்து பயன்படுத்துங்கள். மேனிஃபோல்டு இரட்டைத் தளம் கொண்ட டூயல் பிளேன்தான்.

பழைய லாரி இன்ஜினைப் படகுக்கு மாற்றும்போது என்னென்ன மாற்ற வேண்டும்?

பிளாக்கின் பக்கவாட்டில் உள்ள இரும்பு கோர் பிளக்குகளை (வார்ப்புத் துளைகளை அடைக்கும் மூடிகள்) எடுத்துவிட்டுப் பித்தளை அடிக்க வேண்டும். ஏரித் தண்ணீர் நேராக ஓடும் இன்ஜினில் இரும்பு துருப்பிடித்து, என்றைக்காவது ஏரி நடுவே பெயர்ந்து விழும். ஹெட் கேஸ்கெட்டும் மெரைன் வகையே வேண்டும், அதன் உள்தகடு துருப்பிடிக்காத எஃகு. வாட்டர் பம்பும் மெரைனே. விலை வித்தியாசம் சிறியது, இதில் யோசிக்காதீர்கள்.

பெரிய சிக்கல் பின்பக்கம் இருக்கிறது. 1986 முதல் பின் மெயின் சீல் (கிராங்கின் பின்முனையில் ஆயில் கசிவைத் தடுப்பது) ஒரே வளையமாக மாறியது. கிராங்கின் பின் விளிம்பு சிறுத்தது, ஃபிளைவீல் போல்ட் வட்டமும் சிறுத்தது, பேலன்ஸுக்கான எடையின் ஒரு பகுதி ஃபிளைவீலுக்குப் போயிற்று. 1984 படகுக்கு 1992 லாரி பிளாக் வாங்கினால் பழைய ஃபிளைவீல் ஏறாது. பிளாக்கின் விலையோடு ஃபிளைவீல் விலையையும் கூட்டிக்கொள்ளுங்கள். ஆயில் பேனும் மாறும்.

உள்ளே, பேரிங் இடைவெளியை லாரி அளவின் மேல் எல்லைக்கு அருகே வையுங்கள். பிஸ்டன் இடைவெளியும் ரிங் இடைவெளியும் கொஞ்சம் கூடுதலாகவே வேண்டும். பிளாக்கைச் சுற்றி ஓடும் தண்ணீர் குளிர்ச்சி, பிஸ்டனோ முழுச் சுமையில் கொதிக்கிறது. சிலிண்டர் துளை விரிவதற்கு முன்னால் பிஸ்டன் விரிந்துவிடும்.

இரட்டை இன்ஜின் படகில் ஒன்று மட்டும் எதிர்ப்பக்கம் சுற்றுகிறதே?

பழைய இன்போர்டு படகுகளில் உண்டு. அந்தப் பக்க இன்ஜினுக்கு ஸ்டார்ட்டர், பின் சீல் எல்லாம் வேறு. கேம், சங்கிலியில் ஓடுகிறதா நேர் கியரில் ஓடுகிறதா என்பதைப் பொறுத்து அதற்கான கேமும் மாறும். ஃபிளைவீல் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று நேரில் பார்த்து எழுதிக்கொண்டு, கேம் கம்பெனியிடம் அதைச் சொல்லி வாங்குங்கள்.

பணம் குறைவு. எதை முதலில், எதைப் பிறகு?

முதலில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் ரைசரும். உப்புத் தண்ணீரில் ஓடிய பழைய மேனிஃபோல்டு உள்ளே அரித்து ஓட்டையானால், புத்தம் புது இன்ஜினும் ஒரே வாரத்தில் தண்ணீர் குடித்துவிடும். பழைய இன்ஜின் செத்ததற்குக் காரணமே அதுவாக இருக்கலாம். கழற்றி அழுத்தச் சோதனை செய்யுங்கள், சந்தேகம் என்றால் மாற்றுங்கள். அடுத்து ஹெட் வேலை, கேஸ்கெட், பேரிங், ரிங். கேம் அதற்கும் பிறகு. குரோம் மூடி, ரோலர் ராக்கர், வார்ப்புக்குப் பதில் ஃபோர்ஜ்டு கிராங்க் எதுவும் 4800 சுற்று 350க்குத் தேவையில்லை.

புது இன்ஜினை முதன்முதலில் எப்படி ஓட்டுவது?

பிளாட் டாப்பெட் என்றால் பற்றிக்கொண்ட நொடியிலிருந்து 2000 சுற்றுக்கு மேல், வேகத்தை ஏற்றி இறக்கி, 20 முதல் 30 நிமிடம். ஐடிலில் விட்டால் கேமுக்கு ஆயில் தெறிக்காது, லோப் தேய்ந்துவிடும். ஆகவே ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே டிரில்லில் ஆயில் பம்பைச் சுற்றி எல்லா ராக்கரிலும் ஆயில் வருவதைப் பாருங்கள், டைமிங்கைச் சரியாக வையுங்கள், கார்புரேட்டரில் பெட்ரோல் நிரப்புங்கள்.

தண்ணீர் இல்லாமல் ஒரு கணமும் ஓட்டக் கூடாது, ரப்பர் இம்பெல்லர் கிழிந்துவிடும். வீட்டு ஹோஸில் இணைத்து 2000 சுற்றில் வைப்பதும் எனக்குப் பிடிக்காது. ஹோஸ் தருவதைவிடப் பம்ப் அதிகம் இழுக்கும். படகைக் கரையில் கட்டி, தண்ணீரிலேயே வைத்து நியூட்ரலில் ஓட்டுவது நல்லது. டெம்பரேச்சர், ஆயில் பிரஷர் இரண்டையும் ஒருவர் கண் எடுக்காமல் பார்க்கட்டும்.

எல்லாம் முடிந்தது. ஆனால் 4000 சுற்றுக்கு மேல் ஏறவே இல்லை. கேம் தவறா?

அவசரப்பட்டு இன்ஜினைப் பிரிக்காதீர்கள். முதலில் டாக்கோமீட்டர் சரியா என்று வேறொன்றால் சோதியுங்கள். பழைய படகு மீட்டர்கள் நூற்றுக்கணக்கில் தவறு காட்டும். அடுத்து ஒருவர் த்ராட்டிலைத் தள்ள, கார்புரேட்டரின் இரண்டாம் நிலைக் கதவுகள் முழுதாகத் திறக்கின்றனவா என்று இன்ஜினை நிறுத்திய நிலையில் பாருங்கள். அதுவும் சரி என்றால் புரொப்பெல்லர் பிட்ச் (ஒரு சுற்றில் முன்னேற வேண்டிய தூரம்) அதிகம். பிட்சை 1 அங்குலம் குறைத்தால் 150 முதல் 200 சுற்று கூடும். வழக்கமான ஆட்களோடும் நிறைந்த டேங்கோடும் முழு த்ராட்டிலில் 4600 சுற்று அளவில் வரும்படி புரொப்பெல்லரைத் தேர்ந்தெடுங்கள். மாறாக 5000ஐத் தாண்டி ஓடினால் 2 அங்குலம் பிட்ச் கூட்டிப் பாருங்கள். தெரிந்தவரிடம் ஒரு புரொப்பெல்லர் இரவல் வாங்கிச் சோதித்த பிறகே புதிது வாங்குங்கள்.